ரசிகன் நடிக்கவில்லை

தாளக் கட்டையும் சுற்றுக் கணக்கையும் உதறிவிட்டு வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் கச்சேரிக்குப் போகிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வெறும் சத்தம்தானே, அதை யாராவது மனதார ரசிப்பார்களா என்பது அந்தச் சந்தேகத்தின் முதல் பாதி. ஊருக்குப் புரியாததைத் தனக்குப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் இவர்கள் போகிறார்கள் என்பது மறுபாதி. ஜாஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் சொன்னால் விட்டுவிடலாம். ஜாஸ் ரசிகர்களிலேயே பெரும்பாலோர் 1950களின் கடைசியில் நின்றுகொண்டு, அதைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்து இதைத்தான் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கிறார்கள், ரசிக்காதவர்கள் கைதட்டுகிறார்கள் என்ற இந்த நம்பிக்கைக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். அது பொய் என்பது என் முதல் வாதம். ஒரு பெரிய இசை மரபின் வயிற்றில் அடித்த பொய் என்பது இரண்டாவது.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் தன் பிளாஸ்டிக் ஆல்டோ சாக்சபோனோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்தார். இரண்டு வாரத்துக்கு என்று பேசிய ஏற்பாடு மாதக்கணக்கில் நீண்டது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த ஆண்டு அவர் பதிவு செய்த ‘லோன்லி வுமன்’ பாட்டைக் கேளுங்கள். பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ் அவசர அவசரமாக ஓடுகிறது. சார்லி ஹேடனின் பாஸ் அந்த அவசரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கனமாக, மெதுவாக நகர்கிறது. இரண்டுக்கும் மேலே கோல்மனும் டான் செர்ரியும் எந்தத் தாளக் கட்டிலும் தலையைக் கொடுக்காமல் ஒரே மெட்டைச் சேர்ந்து இழுக்கிறார்கள், சேர்ந்தே மூச்சு விடுகிறார்கள். எண்ணிக்கை இல்லாத இடத்தில் இரண்டு பேர் ஒரே சொல்லாக ஊதுவது தெரியாதவர்களால் ஆகிற காரியமா?

பியானோ கலைஞர் செசில் டெய்லர் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தவர். எரிக் டால்ஃபி ஆல்டோ, பாஸ் கிளாரினெட், புல்லாங்குழல் மூன்றிலும் தேர்ந்தவர். 1961 நவம்பரில் ‘டௌன் பீட்’ இதழில் ஜான் டைனன் என்ற விமர்சகர் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிப்பதை ஜாஸுக்கு எதிரானது என்று எழுதினார். அதே மாதத் தொடக்கத்தில்தான் அந்த இருவரும் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்திருந்தார்கள். அந்த இரவுகளின் ஒலிப்பதிவுகளை இன்று ஜாஸின் பொக்கிஷம் என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அடுத்த ஆண்டு அதே இதழில் கோல்ட்ரேனும் டால்ஃபியும் விமர்சகர்களுக்குப் பதில் சொன்னார்கள், கோபப்படாமல், ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பொறுமையாக. அந்தப் பொறுமை எனக்கு இல்லை. ஏனென்றால் அன்று சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சொல்பவர்கள் மட்டும்தான் மாறியிருக்கிறார்கள்.

விருதுகளைக் காட்டி வாதாடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோல்மனுக்கு 2007இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற ‘சவுண்ட் கிராமர்’ 2005இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் ரசிகர்கள் முன்னால் நடந்த ஒரு கச்சேரியின் பதிவு. இரண்டு பாஸ் கலைஞர்கள், ஒருவர் விரலால் மீட்ட, மற்றவர் பெரும்பாலும் வில்லால் இழுக்க, நடுவில் எழுபத்தைந்து வயது கோல்மன். ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் செதுக்கியது அல்ல அது. ஒரு மாலை நடந்து முடிந்தது.

இனி ரசிகன் நடிக்கிறான் என்ற பாதிக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான்.

ஃப்ரீ ஜாஸ் கச்சேரிகளில் மோசமானவை உண்டு. நிறைய உண்டு. அவற்றிலிருந்து வெளியே வரும்போது ரசிகர்கள் வாசலில் நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டிரம்மர் யாரையும் கேட்கவே இல்லை, தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார் என்பார் ஒருவர். முதல் இருபது நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டார்கள், அப்புறம் போக இடமில்லை என்பார் இன்னொருவர். பியானோ ஓர் இடைவெளிகூட விடவில்லை என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் மூன்று பேரும் ஒத்துப்போவார்கள். எல்லாமே சத்தம் என்றால் ஒரு சத்தத்துக்கும் இன்னொரு சத்தத்துக்கும் இவர்கள் எதை வைத்து வித்தியாசம் காண்கிறார்கள்? நடிப்பவனுக்கு எல்லாக் கச்சேரியும் நல்ல கச்சேரியாகத்தான் இருக்கும். அவனுக்குக் குறை சொல்லத் தெரியாது, சொல்லத் துணிச்சலும் வராது. நேற்று நன்றாக இல்லை என்று ஒருவன் உறுதியாகச் சொல்கிறான் என்றால் அவன் காதில் ஓர் அளவுகோல் இருக்கிறது.

அந்த அளவுகோலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒரு கச்சேரியின் முடிவைக் கவனிக்க வேண்டும். எழுதிவைத்த சுரம் இல்லை. இத்தனை சுற்று என்ற கணக்கும் இல்லை. நான்கு பேர் நாற்பது நிமிடமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று சாக்சபோன்காரர் நீட்டிப் பிடித்திருந்த ஒரு சுரத்தின் காற்று மெலிகிறது. அதைப் பாஸ் கேட்கிறது, கீழ்க்கம்பிக்கு இறங்கி ஒரே இடத்தில் நிற்கிறது. டிரம்மர் குச்சிகளை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கிறார், சிம்பலை ஒரு முறை தடவுகிறார். இது முடிவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பியானோ வாசிப்பவரின் கை கட்டைகளுக்கு மேலே நிற்கிறது. அவர் ஒரே ஒரு சுரத்தை வைத்தால் இன்னும் பத்து நிமிடம் போகும். வைக்காவிட்டால் இதோ முடிந்தது. அந்த விநாடியில் அரங்கத்தில் ஒருவரும் அசைவதில்லை. கை மடிக்குத் திரும்பியதும் நான்கு பேரும் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டியிருக்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டே அங்கே போய்ச் சேர்ந்தார்கள், நாமும் கூடவே கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். இதை அனுபவித்த ஒருவனைப் பார்த்து நீ பாசாங்கு செய்கிறாய் என்று சொல்வது அவமதிப்பு.

இந்த இசையை ஒலிப்பதிவில் பத்து நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அதிகம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இவான் பார்க்கர் தனியாக சோப்ரானோ சாக்சபோன் வாசிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார், அதனால் ஒலி நடுவில் அறுவதே இல்லை. விரல்கள் ஒரு வேகத்தில், நாக்கு வேறு வேகத்தில். ஒரே குழலிலிருந்து அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் விசில் போல ஒன்று என மூன்று இழைகள் கிளம்பும். ஒலிப்பதிவில் இவை ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு ஒரே சலசலப்பாகத் தோன்றலாம். அதே வாசிப்பைச் சின்ன அறையில் கேட்டால் கொஞ்சம் தலையைத் திருப்பினாலே மேல் இழை சுவரிலிருந்து வேறு மாதிரி வரும். எந்த இழையைப் பின்தொடர்வது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். கேட்பவருக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் இசை அதிகம் இல்லை.

புட்ச் மாரிஸ் என்ற கார்னெட் கலைஞர் 1985இல் ‘கண்டக்‌ஷன்’ என்ற முறையைத் தொடங்கினார். தாளில் ஒரு சுரமும் எழுதாமல், சைகைகளால் மட்டுமே ஒரு முழுக் குழுவை அந்தக் கணத்தில் வழிநடத்துவது. நெற்றியோரம் விரலை வைத்து ஓர் எண்ணைக் காட்டினால், இப்போது வாசிப்பதை அந்த எண்ணில் நினைவில் வைத்துக்கொள், பிறகு கேட்பேன் என்று பொருள். கால் மணி நேரம் கழித்து அவர் அதே சைகையைக் காட்டும்போது, மறந்துபோயிருந்த ஒரு துண்டு வேறொரு சூழலுக்கு நடுவே திரும்ப வந்து விழும். நேரில் பார்க்கிற ரசிகருக்கு அந்தச் சைகை தெரியும், அந்தத் துண்டு எங்கே பிறந்தது என்பதும் நினைவிருக்கும். இசைத்தட்டில் காது மட்டும் இருக்கிறது, கை இல்லை. பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஒழுங்கே இல்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

நடிப்பு என்ற பழிக்கு ரசிகர்களின் வாழ்க்கையே பதில். அர்விங் ஸ்டோன் இசைக்கலைஞர் அல்ல. மனைவி ஸ்டெஃபனியோடு நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் இந்தக் கச்சேரிகளுக்கு வந்து உட்கார்ந்தவர், அவ்வளவுதான். அவர் 2003இல் இறந்தார். 2005இல் இசைக்கலைஞர் ஜான் ஜோர்ன் மன்ஹாட்டனின் அவென்யூ சி-யில் ஒரு சின்ன அரங்கத்தைத் திறந்தபோது அதற்கு ‘தி ஸ்டோன்’ என்று பெயர் வைத்தார். அங்கே மதுக்கடை இல்லை, சாப்பாடு இல்லை, வாசலில் வசூலான பணம் முழுவதும் வாசிப்பவர்களுக்குப் போனது. ஒரு ரசிகனின் பெயரில் இப்படி ஓர் அரங்கம் வேறெந்த இசையில் இருக்கிறதோ, நான் அறிந்ததில்லை. கவிஞர் ஸ்டீவ் டாலச்சின்ஸ்கி 1987 முதல் 2006 வரை சார்ல்ஸ் கேய்ல் என்ற சாக்சபோன் கலைஞரின் கச்சேரிகளில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதிய கவிதைகளை ஒரு நூலாகக் கொண்டுவந்தார். பத்தொன்பது ஆண்டுகள்! பாசாங்குக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. பெர்னார்ட் ஸ்டால்மன் ஒரு வழக்கறிஞர். 1963 டிசம்பரில் ஹார்லெமில் சாக்சபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் வாசித்ததைக் கேட்டார். அதன் விளைவாகத்தான் அவருடைய ‘இஎஸ்பி-டிஸ்க்’ இசைத்தட்டு நிறுவனம் ஃப்ரீ ஜாஸ் பக்கம் திரும்பியது, அடுத்த ஆண்டே அய்லரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ பதிவானது. சுவிட்சர்லாந்தில் வெர்னர் உஹ்லிங்கர் ஜோ மக்ஃபியின் இசையை வெளியிடுவதற்கென்றே ‘ஹாட் ஹட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ரசிகர்கள் சொந்தப் பணத்தையும் காலத்தையும் போட்டிராவிட்டால் இந்த இசையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

ஏன் அவர்கள் போட வேண்டியிருந்தது? இது சத்தம், இதற்குக் கூட்டம் வராது என்று கிளப் முதலாளிகளும் கம்பெனிகளும் முடிவு செய்துவிட்டதால். தொடக்கத்தில் நம்பிக்கை என்று நான் சொன்னது வெறும் பேச்சு அல்ல, அது சம்பளத்தில் போய் முடிந்தது. செசில் டெய்லர் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனார். சார்ல்ஸ் கேய்ல் பல ஆண்டுகள் வீடில்லாமல் நியூயார்க்கின் தெருக்களிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் வாசித்தார். கதவுகள் சாத்தப்பட்டதால்தான் 1964 அக்டோபரில் டிரம்பெட் கலைஞர் பில் டிக்சன் செல்லார் கஃபேயில் நான்கு நாள் விழாவைத் தானே நடத்தினார். 1965இல் சிகாகோவில் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் தோழர்களும் ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர் சங்கத்தை அமைத்தார்கள். சாம் ரிவர்ஸும் மனைவி பீட்ரிஸும் பாண்ட் தெருவில் தாங்கள் வாழ்ந்த கட்டிடத்திலேயே கச்சேரிகள் நடத்தினார்கள். நடனக் கலைஞர் பாட்ரிசியா நிகல்சன் 1996இல் தொடங்கிய விஷன் விழாவும் இந்த வரிசையில்தான் வருகிறது. பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள் பட்டினியோடு கட்டி எழுப்பிய இந்த இடங்களை, மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். மன்னிக்க முடியாத அறியாமை இது.

இதை ரசிக்க மேட்டுக்குடிக் காது தேவையில்லை. 1978 ஜூனில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஜாஸ் கச்சேரி நடத்தினார். செசில் டெய்லரும் வாசித்தார். வாசித்து முடித்ததும் கார்ட்டர் இருக்கையை விட்டு எழுந்து அவரைத் தேடிப் போய்ப் பாராட்டினார். நிலக்கடலை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த அந்த மனிதருக்கு இந்த இசையில் பயிற்சி என்று எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், அது போதுமாக இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து பெர்லின் நகரம் டெய்லரை ஒரு மாதம் அழைத்து வைத்து ஐரோப்பியக் கலைஞர்களோடு வாசிக்கச் செய்தது. பதினொரு குறுந்தகடுகளாக அது வெளிவந்தது. முன்பு பாத்திரம் கழுவிய அதே கைகள்.

தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. பியானோ கலைஞர் விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் என்பதும், 2013இல் மக்ஆர்தர் நல்கை பெற்றார் என்பதும், ஹார்வர்டில் பேராசிரியர் என்பதும் நமக்குப் பெருமையாக இருக்கிறது. அவர் ராஸ்கோ மிட்சலோடும் வாடாடா லியோ ஸ்மித்தோடும் வாசித்து வளர்ந்தவர். இருவரும் ஏஏசிஎம் சங்கத்தின் பிள்ளைகள். பட்டத்தையும் பதவியையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவரை ஆளாக்கிய இசையைச் சத்தம் என்று ஒதுக்கினால் அந்தப் பெருமைக்குப் பொருள் இல்லை. அவரும் ஸ்மித்தும் இருவராக மட்டும் வாசித்து 2016இல் வெளிவந்த தட்டில் தொடங்கலாம், பியானோவும் டிரம்பெட்டும் எவ்வளவு அமைதியை விட்டுவைக்கின்றன என்று கேட்டுப்பார்க்கலாம்.

நியூயார்க்கிலோ லண்டனிலோ பெர்லினிலோ இருப்பவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். ஒரு சின்ன அரங்கத்துக்குச் சீட்டு வாங்குங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்க முயலாமல் ஒருவரை மட்டும், வேண்டுமானால் பாஸ் வாசிப்பவரை மட்டும், பின்தொடருங்கள். கடைசி ஒலி அடங்கும்வரை எழுந்து போகாதீர்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தவரை மட்டும் நடிகர் என்று சொல்லாதீர்கள்.