இடாப்பில் ஒரு பெயர்



1977ஆம் ஆண்டு வன்செயலின்போது எங்கள் குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு ஓடி வந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. லயத்து அறையோடு எங்கள் பத்திரங்களும் எரிந்து போயின. அப்பாவும் அம்மாவும் இந்த நாட்டிலே பிறந்தவர்கள். ஆனாலும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. தர்மபுரத்தில் காடு வெட்டி, கொட்டில் போட்டுக் குடியிருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா பேசாமல் நின்றார். அங்கிருந்த ரீச்சர் ஒருவர், "பிள்ளை இருந்து படிக்கட்டும். கடதாசியைப் பிறகு எடுப்பம்" என்று சொல்லி என் பெயரை இடாப்பில் எழுதினார். பிறகு, நான் பிறந்த மாவட்டத்துப் பதிவகத்துக்கு அவரே கடிதம் மேல் கடிதம் எழுதினார். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் பிரதி வந்து சேர்ந்தது.

வகுப்பில் சிலர் என்னைத் "தோட்டக்காட்டாள்" என்பார்கள். ஒருநாள் ரீச்சர், "காலையில் நீங்கள் குடித்த தேத்தண்ணிக்குக் கொழுந்து பறித்தது யார்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1996இல் கிளிநொச்சியிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது, மரத்தடி வகுப்பொன்றில் தொண்டர் ஆசிரியையானேன். நிரந்தர நியமனம் கிடைக்கப் பல வருடங்கள் சென்றன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அதைக் காண அப்பா உயிரோடு இல்லை.

2009 ஜனவரியில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. மீளக் குடியேறியபோது பல பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வந்தார்கள். நானும் முதலில் பெயரைத்தான் எழுதினேன். கடதாசிக்குப் பிறகு அலைந்தேன். அவர்களில் ஒருத்தி இன்று என்னோடு படிப்பிக்கிறாள்.

சகோதரிகளே, குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் காலங்கடந்த பதிவுக்கு வழியுண்டு. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிரதியை எடுத்துப் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துங்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்கு அது இல்லையென்றால், அந்தத் தாயோடு நீங்களும் ஒருமுறை கூடப் போய் வாருங்கள். என் அம்மா அன்று தனியாகத்தான் நின்றார்.