காசுக்கு உயிர்!

உயிரைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

முடியும்! செல்போன் விளையாட்டில் முடியும். உயிர் தீர்ந்துவிட்டதா? பணம் கட்டினால் போதும். உயிர் வந்துவிடும். ஆட்டத்தைத் தொடரலாம்.

30 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வியாபாரம் கிடையாது.

மேச்சேரி போன்ற ஊர்களில் இன்று 40 வயதை நெருங்குகிறவர்களுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவு இருக்கும். 1983-ம் ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி "பாமிகாம்" என்ற வீடியோ விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. அதைப் போலவே செய்த கருவிகள் 1990-களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன.

கருவியை டெலிவிஷன் பெட்டியோடு இணைப்பார்கள். கேசட்டைச் செருகுவார்கள். படம் வராவிட்டால் கேசட்டை உருவி, வாயால் "பூ" என்று ஊதி, மறுபடியும் செருகுவார்கள்.

கருவி எல்லார் வீட்டிலும் இருக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்தால், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வீட்டில்தான் இருப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிட்ட கடைகளும் உண்டு.

காதோடு காதாக...

அந்த ஆட்டங்களில் "கான்ட்ரா" பெயர் பெற்றது. துப்பாக்கியோடு ஓடும் வீரனுக்கு 3 உயிர்தான். குண்டு பட்டால் ஒரு உயிர் போகும். மூன்றும் போனால் அந்தக் கட்டத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரு ரகசியம் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பு மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது என்று பொத்தான்களை அமுக்கி, பிறகு "பி", "ஏ" அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும்!

இதை உண்டாக்கியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. கொனாமி கம்பெனியில் வேலை பார்த்தவர். 1986-ல் "கிராடியஸ்" என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்த்தார். அவராலேயே ஆட முடியவில்லை. அவ்வளவு கடினம்! அதனால் தன் வசதிக்காக இந்த வழியை வைத்துக்கொண்டார். பின்னால் அது "கான்ட்ரா"விலும் இடம் பெற்றது. 2020-ல் அவர் காலமானார்.

இந்த 30 உயிருக்கு விலை என்ன? ஒன்றும் இல்லை. ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனின் காதில் சொன்னான். அவ்வளவுதான்.

பொற்காலமா?

அதற்காக, அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாடுகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள்தான் முதலில் பரவின. ஆடுகிறவன் சீக்கிரம் தோற்க வேண்டும், அடுத்த காசு விழ வேண்டும் என்பதுதான் அவற்றின் கணக்கு. அப்போதும் வியாபாரம் வியாபாரமாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது. பையில் காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். மின்சாரம் போனால் ஆட்டமும் போகும். பக்கத்தில் இன்னொருவன் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு இருப்பான். அவன் விடமாட்டான்!

இன்று அந்த எல்லை எங்கே?

2012-ல் வந்த "கேண்டி கிரஷ்" விளையாட்டைப் பாருங்கள். இலவசம். 5 உயிர் உண்டு. தீர்ந்தால் ஒரு உயிர் திரும்பி வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனம் இல்லையா? பணம் கொடுக்கலாம். ஆட்டக் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். முடிவு என்பதே இல்லை.

முன்பு திறமைக்குச் சோதனை. இப்போது பொறுமைக்குச் சோதனை!

சட்டம் போதுமா?

விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சீனாவில் 2021 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 மணி முதல் 9 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாம் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு அது தடை விதித்தது. தேவையான சட்டம்தான். ஆனால் பந்தயம் இல்லாமல் ஆட்டத்துக்குள் உயிரையும் உடையையும் விற்பது வேறு. வீட்டுப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது அதுதான்.

இங்கே பெற்றோர்தான் காவல்.

"நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்..." என்று பிள்ளையைத் திட்டிப் பயன் இல்லை. பிள்ளை மாறவில்லை. விளையாட்டு மாறிவிட்டது. நமக்குக் கிடைத்த எல்லையும் துணையும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

மேச்சேரி ஆட்டுக்குப் பெயர் போன ஊர். ஆடு வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டுவாரா? மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். பிறகுதான் விலை பேசுவார்.

பிள்ளையின் கையில் கொடுக்கும் விளையாட்டையும் அப்படிப் பார்க்க வேண்டும். அதற்கு முடிவு உண்டா? உள்ளே எதை விற்கிறார்கள்? பணம் யார் கணக்கில் இருந்து போகிறது? இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டும் ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள். "அடுத்தது என் முறை" என்று சொல்ல அவனுக்கும் ஒரு ஆள் வேண்டும்.