வெள்ளை ஷார்ட்ஸும் வெட்டி நியாயமும்

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் கூடைப்பந்து பழகிய பெண் ஒருத்தி. பிளஸ் டூ முடித்து, காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ ஒரு கல்லூரியில் சேருகிறாள். உயரம் இருக்கிறது. மூச்சு இருக்கிறது (மலையில் வளர்ந்தவர்களுக்கு அது இலவச இணைப்பு!). டீம் செலக்‌ஷனில் தேறியும் விடுகிறாள். இரண்டு வாரம் கழித்து ஒரு பாலிதீன் கவரைக் கையில் கொடுக்கிறார்கள். உள்ளே கையில்லாத ஜெர்சி, வெள்ளை ஷார்ட்ஸ். அடுத்த நாளிலிருந்து அவள் மைதானத்துக்கு வருவதில்லை.

கற்பனைப் பெண்தான். ஆனால் கல்லூரி அணியில் ஆடிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள், "எங்க டீம்லயும் ஒருத்தி இப்படித்தான் நின்னுட்டா" என்று ஒரு பெயர் சொல்வார்கள். நின்றவளுக்கு "இன்ட்ரஸ்ட் இல்லை" என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிடுவார்கள். துணியைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

கேட்டால் உடனே வரும் பதில், "ரூல் புக்ல அப்படித்தாங்க இருக்கு". சரி, ரூல் புக்கையே திறப்போம். உலகக் கூடைப்பந்து சம்மேளனம் ஃபிபாவின் விதிகள் (கால்பந்துக்காரர்களின் ஃபிஃபா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). சட்டைக்குக் கை இருக்கலாம், முழங்கைக்கு மேல் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆக கையில்லாத ஜெர்சி கட்டாயம் என்பது டுபாக்கூர். கால்களை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்லீவ் போடலாம், தலையை மூடலாம். அணியில் போடுகிற எல்லோரும் ஒரே நிறத்தில் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சட்டையும் ஷார்ட்ஸும் ஒரே பிரதான நிறம். அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணி வெளிர் நிறம் போட வேண்டும், வெள்ளையாக இருந்தால் நல்லது. "நல்லது" என்றுதான் இருக்கிறது. இரண்டு அணிகளும் ஒத்துக்கொண்டால் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது.

இந்த வெள்ளை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சட்டை வெள்ளை என்றால் ஷார்ட்ஸும் வெள்ளை. அணியின் பெயர் ஃபிக்ஸ்சரில் மேலே வருமா கீழே வருமா என்பதை வைத்து, மாதவிடாய் நாளில் ஒரு பெண் வெள்ளைத் துணியில் ஓடி, தாவி, விழுந்து எழ வேண்டுமா இல்லையா என்பது தீர்மானமாகிறது. நாற்பது நிமிட ஆட்டத்தில் அவள் எத்தனை முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதை எந்த ஸ்கோர் ஷீட்டும் எழுதாது. இதைச் சொன்னால் "அதெல்லாம் பேசற விஷயமா" என்று நெளிகிறார்கள். உலகம் பேசிவிட்டது ஐயா. நூற்றாண்டுக்கும் மேலாக வெள்ளையைத் தவிர வேறு நிறம் தெரியக்கூடாது என்று அடம்பிடித்த விம்பிள்டன், 2023 முதல் பெண்கள் உள்ளே கருநிற ஷார்ட்ஸ் போடலாம் என்று இறங்கி வந்தது. அதே வருடம் இங்கிலாந்து பெண்கள் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸைக் கைவிட்டு நீலத்துக்குப் போனது. வீராங்கனைகளே வாய்விட்டுக் கேட்டதால் நடந்த மாற்றம் அது. நம்மூரில் கருநீலமும் மஞ்சளுமாக இரண்டு செட் தைக்க என்ன தடை? மஞ்சளும் வெளிர் நிறம்தானே.

ஆதியிலிருந்தே பெண்கள் உடை விஷயத்தில் முடிவெடுத்தது வேறு யாரோதான். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் கூடையை மாட்டி ஆரம்பித்தபோது பையன்களுக்குத் தனியாக யூனிஃபார்ம் என்று எதுவும் கிடையாது. ஜிம் வகுப்புக்குப் போட்டு வந்ததோடு ஆடினார்கள். அடுத்த வருடமே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார். அவர்கள் போட்டது ப்ளூமர், அதாவது முழங்காலுக்குக் கீழே சுருக்கி இழுத்துக் கட்டிய தொளதொள கால்சட்டை. அதற்கே ஆண்கள் யாரும் பார்க்கக்கூடாது என்று உள்ளே விடவில்லை. 1896-இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மோதிய முதல் பெண்கள் கல்லூரிப் போட்டியிலும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்கோர் 2-1. (ஆமாம், முழு ஆட்டத்துக்கும் சேர்த்து!)

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். விளையாட்டு ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து கிளம்பித் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். மலையேறிய பந்துக்கும் அப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

மலை என்றதும் இன்னொரு கதை. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சி. மான்டானா மாநிலத்தில் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய ஃபோர்ட் ஷா உறைவிடப் பள்ளியின் பெண்கள் அணி அங்கே போயிருந்தது. எதிர்த்து வந்தவர்களை எல்லாம் தோற்கடித்தது. கடைசியில் உள்ளூர் நட்சத்திர அணியோடு வைத்த தொடரையும் ஜெயித்து உலக சாம்பியன் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெண்கள் ஆடும்போது ப்ளூமர் போட வேண்டும். மேடையேறும்போது மான்தோல் உடை போட்டுக் காட்ட வேண்டும், பார்வையாளர்களுக்கு 'அசல் பூர்வகுடி' தெரிய வேண்டுமே! இரண்டு உடையுமே வேறு யாரோ கொடுத்த வேஷம். கொல்லிமலையிலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய மான்டானாவைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இதே காலத்தில் பையன்கள் பக்கம் என்ன நடந்தது? 1991-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐந்து முதலாமாண்டுப் பையன்கள் சேர்ந்தார்கள். 'ஃபேப் ஃபைவ்' என்று பெயர். அதுவரை தொடையோடு ஒட்டியிருந்த ஷார்ட்ஸ் பிடிக்காமல் நீளமாக, தொளதொளவென்று வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது. 1992, 1993 இரண்டு வருடமும் இறுதிப் போட்டி வரை போனார்கள், இரண்டிலும் தோற்றார்கள். தோற்றதை விடுங்கள், அந்த ஷார்ட்ஸ் உலகம் முழுக்கப் பரவி நாமக்கல் டீக்கடை வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தது. பதினெட்டு வயசுப் பையன் நீளமாகக் கேட்டால் ஸ்டைல். பதினெட்டு வயசுப் பெண் அதே நீளத்தைக் கேட்டால் "ஒழுங்கா குடுத்ததைப் போடு".

பெண்கள் கேட்டதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதற்கு பில்கிஸ் அப்துல் காதிர் போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி அளவில் 3,000 புள்ளிகளுக்கு மேல் குவித்தவர். மெம்ஃபிஸ் பல்கலைக்கழக அணியில் ஹிஜாபும் முழுக்கை உள்சட்டையும் கால்களை மூடும் லெக்கிங்ஸும் போட்டு ஆடினார். கல்லூரி அனுமதித்தது, வானம் இடிந்து விழவில்லை. படிப்பு முடிந்து வெளிநாட்டு கிளப்புகளில் ஆடலாம் என்று பார்த்தபோது, தலையில் எதுவும் கூடாது என்று ஃபிபா விதி குறுக்கே நின்றது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே திரும்பியது. அதே வருடம் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். காரணம், பாதுகாப்பாம். துணி குத்தி எந்த எதிராளிக்குக் காயம்பட்டது என்று தெரியவில்லை. 2017-இல் அந்த விதியையே தூக்கிவிட்டார்கள். அதற்குள் பில்கிஸின் நல்ல வருடங்கள் போயே போய்விட்டன.

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச ஆட்டங்களில் ஜெர்சி எண் 4-இல் ஆரம்பித்து 15-இல்தான் முடிய வேண்டும் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் நடுவர் விரலால் காட்டும் சைகைகளோடு குழம்பிவிடுமாம். 2014-இல் அதுவும் மாறி 99 வரை போடலாம் என்றானது. யாரும் குழம்பவில்லை. விதி என்பது இவ்வளவுதான், மனிதர்கள் எழுதுவது, மனிதர்கள் மாற்றுவது.

இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த இன்னொரு கோஷ்டி உண்டு. "அதான் சொல்றோம், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஷார்ட்ஸ், எல்லோரும் ட்ராக் பேன்ட் போடட்டும், நம்ம கலாச்சாரம்" என்பவர்கள். ஐயா, உங்களுக்கும் இதில் ஜல்லியடிக்க இடமில்லை. ஏப்ரல் மாத நாமக்கல் வெயிலில் நீங்கள் ட்ராக் பேன்ட் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் டிஃபென்ஸ் ஆடிக் காட்டுங்கள், அப்புறம் கலாச்சாரம் பேசலாம். ஷார்ட்ஸ் போட ஆசைப்படுகிற பெண்ணும் இருக்கிறாள், அவளையும் உங்கள் கமென்ட்தான் மைதானத்தை விட்டு விரட்டுகிறது. 2021-இல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினி அடிச்சட்டைக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டதற்காக 1,500 யூரோ அபராதம் கட்டியது. அங்கே அவிழ்க்கச் சொன்னவர்களும் இங்கே மூடச் சொல்பவர்களும் ஒரே கட்சிதான், கொடி மட்டும் வேறு. (வருடா வருடம் ஆடியில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஓரி வில்லை வளைத்தபோது இடுப்பில் என்ன கட்டியிருந்தார் என்று இதுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை!)

செலவு என்று ஒரு சப்பைக்கட்டு பாக்கி இருக்கிறது. முன்பெல்லாம் பருத்தி பனியனில் எண்ணை ஸ்டென்சில் வைத்து அடித்தார்கள், நாலு துவையலில் 8 வெளுத்து 3 மாதிரி ஆகிவிடும். அப்போது இந்தப் பேச்சில் நியாயம் இருந்திருக்கலாம். இப்போது பாலியஸ்டரில் சப்ளிமேஷன் பிரின்ட். எந்த நிறம், எந்தப் பெயர், எத்தனை கோடு என்றாலும் கம்ப்யூட்டரில் மாற்றி அச்சடிக்கிறார்கள். பாதி உலகத்துக்கு பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. நெஞ்சில் ஸ்பான்சர் பெயர், முதுகில் கல்லூரி பெயர், இடுப்பில் தாளாளர் அறக்கட்டளை முத்திரை என்று விளம்பரப் பலகை மாதிரி ஜெர்சி அடிக்கக் காசு இருக்கிறது. அரைக்கைக்கு அரை முழம் துணி சேர்த்து வைக்க மட்டும் பட்ஜெட் இடிக்கிறதாம்.

ஜூன், ஜூலையில் புது செட் ஆர்டர் போடும்போது கல்லூரிகளில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். பெயர், எண், சைஸ் என்று மூன்று கட்டம். பெண்களிடம் உடை பற்றிக் கேட்கப்படும் ஒரே கேள்வி ஸ்மாலா மீடியமா என்பதுதான். அதே தாளில் ஸ்கேல் வைத்து இன்னும் இரண்டு கோடு இழுத்து, கை வேண்டுமா வேண்டாமா, காலுக்கு ஸ்லீவ் வேண்டுமா வேண்டாமா என்று போடலாம். எல்லோரும் டிக் அடித்த பிறகு எந்த நிறம் என்று அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரு ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் கேட்கலாம். தாள் பிரின்டருக்குப் போவதற்கு முன்னால் கேட்டால் போதும்.