ஒற்றனின் பாவத்தில் பங்கு யாருக்கு?

பயங்கரவாத இயக்கத்தினுள் ஒற்றனை வைத்திராத ராஜாங்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் புரிகிறது என்பதை நானும் மறுப்பதற்கில்லை. வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவரல்லவா? ஆனால், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் உட்பாதுகாப்புப் பிரிவில் அமர்ந்து, துரோகிகளென ஐயுறப்பட்டோரை விசாரித்துக் கொலைக்கு அனுப்பிய கூட்டத்தில் ஒருவனாக இருந்துகொண்டே பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் தகவல் தந்துவந்த ‘ஸ்டேக்நைஃப்’ என்னும் ஒற்றனின் சரித்திரத்தை ஆராய்ந்த கெனோவா விசாரணைக் குழு, அவனால் காக்கப்பட்ட உயிர்களைக் காட்டிலும் இழக்கப்பட்ட உயிர்களே அதிகமாயிருக்கக்கூடும் என்று 2024-இல் அறிவித்தபோது, பெருந்தீமையைத் தடுக்கச் சிறுதீமையைப் பொறுக்கலாம் என்னும் பழைய சமாதானம் தன் சொந்தக் கணக்கிலேயே தோற்றுப்போயிற்று. பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஆதரவான எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவிலும் இதே கதைதான்: 1989-இல் பெல்ஃபாஸ்ட் வழக்கறிஞர் பாட் ஃபினுகேன் தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்படத் துணைபோனவர்களுள் ராணுவத்தின் ஒற்றனான பிரையன் நெல்சனும் ஒருவன். ஒற்றனின் பெயரை மறைப்பதற்கு நியாயமுண்டு. கொலை நிகழவிருப்பதை அறிந்தும், அவன் இரகசியத்தைக் காக்கும்பொருட்டு வாளாவிருந்த அதிகாரிகளுக்கு என்ன நியாயமுண்டு? இத்தனைக்கும் பிறகு, 2021-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், ஒற்றர்கள் குற்றம் புரிய முன்னனுமதி வழங்க வகைசெய்ததேயொழிய, கொலையும் சித்திரவதையும் அவ்வனுமதிக்கு அப்பாற்பட்டவை என்று வெளிப்படையாக எழுதவில்லை.