அதே ஆறு, அதே நாள், அதே தூரம்

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கும் படகுப் போட்டி பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1829-ல் ஆரம்பித்த கதை அது. எட்டு பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கான் பிடிக்க, லண்டன் தேம்ஸ் நதியில் பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை சுமார் 6.8 கிலோமீட்டர். பரிசுப் பணம் எதுவும் கிடையாது. ஜெயித்தால் பெருமை, தோற்றால் அடுத்த வருஷம் வரை கிண்டல். அவ்வளவுதான்.

அதே பல்கலைக்கழகங்களின் பெண்களும் மோதுகிறார்கள் என்பது மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் இங்கே விஷயம்.

பெண்களின் முதல் போட்டி 1927-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. போட்டி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது. ஒன்று போய் முடித்த பிறகு இன்னொன்று. நேரத்தோடு சேர்த்து, எவ்வளவு நளினமாகத் துடுப்புப் போட்டார்கள் என்பதற்கும் மார்க்! பெண் பார்க்கும் படலம் மாதிரி இல்லை? கரையில் கூடிய கூட்டத்தில் எதிர்ப்பாளர்களும் நிறைய. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததே 1948-ல்தான் என்பதை நினைத்தால் இதெல்லாம் ஆச்சரியமே இல்லை.

1964-லிருந்து வருஷா வருஷம் நடக்கத் தொடங்கியது. 1977-ல் ஹென்லிக்குப் போனது. வேறு ஊர், வேறு நாள், 2000 மீட்டர் மட்டும். ஆண்கள் போட்டியை நாடே டிவியில் பார்க்கும். பெண்கள் போட்டிக்குத் தோழிகளும் பெற்றோரும் வந்தால் உண்டு. இப்படியே 2014 வரை ஓட்டியாயிற்று.

ஏன் சமமாக நடத்தவில்லை என்று கேட்டால் இரண்டு பதில் வரும். "அவ்வளவு தூரம் அவர்களால் முடியாது" என்பது ஒன்று. "யார் பார்ப்பார்கள்? பார்க்க ஆள் இல்லாமல் பணம் எப்படி வரும்?" என்பது இன்னொன்று.

முதல் பதிலுக்கு ஆறே பதில் சொல்லிவிட்டது. 2015-ல் முதல்முறையாக, ஆண்கள் போட்டி நடக்கும் அதே நாளில், அதே 6.8 கிலோமீட்டரில் பெண்கள் இறங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 19 நிமிடம் 45 விநாடியில் ஜெயித்தது. 2016-ல் அலையடித்து கேம்பிரிட்ஜ் படகுக்குள் தண்ணீர் ஏறி, மூழ்கிவிடும் என்ற நிலைமை. விடவில்லை. படுதோல்விதான், ஆனாலும் முடித்துக்காட்டினார்கள். அடுத்த வருஷமே கேம்பிரிட்ஜ் 18 நிமிடம் 33 விநாடியில் ஜெயித்தது. நீரோட்டமும் காற்றும் வருஷத்துக்கு வருஷம் மாறும், சரி. ஆனால் இவர்களால் முடியுமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் எழுப்ப முடியாது.

இரண்டாவது பதில்தான் தந்திரமானது. கேட்க நியாயமான வியாபாரக் கணக்கு மாதிரியே இருக்கும். ஆனால் சரக்கை குடோனிலேயே பூட்டி வைத்துவிட்டு, "வாங்க ஆளே வரவில்லை, டிமாண்ட் இல்லை" என்று கணக்கு எழுதினால் அதை எந்த ஆடிட்டராவது ஒத்துக்கொள்வாரா? பார்வையாளர் இல்லாததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் பார்வையாளர் இல்லை. இந்தச் சக்கரத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைத்தாக வேண்டும்.

உடைத்தது யார்? பல்கலைக்கழகங்கள் இல்லை. ஹெலனா மோரிசி தலைமையில் இருந்த நியூட்டன் என்ற முதலீட்டு நிறுவனம் 2011-ல் பெண்களுக்கு ஸ்பான்சராக வந்தது. அதன் தாய் நிறுவனமான பி.என்.ஒய். மெலன் ஆண்கள் போட்டிக்கு வந்தபோது, பெண்களுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் நின்றார். அதன் பிறகுதான் 2015.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இதில் உறுத்தும் விஷயமும் ஒன்று இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பாடம் நடத்தும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றாத நியாயம், பணம் போட வந்தவருக்குத் தோன்ற வேண்டியிருந்தது. ஸ்பான்சரை நம்பி நிற்கும் சமத்துவம் வாடகை வீடு மாதிரி. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் 2020-ல் கேம்பிரிட்ஜில் ஆண்கள், பெண்கள் கிளப்புகள் ஒன்றாக இணைந்ததை முக்கியமான விஷயமாகப் பார்க்க வேண்டும். ஒரே கிளப், ஒரே நிர்வாகம் என்று ஆகிவிட்டால், நாளை யார் வந்தாலும் போனாலும் பெண்களை மட்டும் தனியாகக் கழற்றிவிடுவது சுலபமில்லை.

இப்போது புதிதாக ஒரு புலம்பல். 2017 முதல் 2025 வரை நடந்த பெண்கள் போட்டி எல்லாவற்றிலும் கேம்பிரிட்ஜே ஜெயித்தது. ஒருதலைப்பட்சமாக இருந்தால் என்ன சுவாரசியம் என்கிறார்கள். 1924 முதல் 1936 வரை கேம்பிரிட்ஜ் ஆண்கள் தொடர்ந்து 13 முறை ஜெயித்தார்கள். 1976 முதல் 1985 வரை ஆக்ஸ்ஃபோர்டு ஆண்கள் 10 முறை. அதற்காக ஆண்கள் போட்டியை ஹென்லிக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னார்களா?

ஆண்கள் சலிப்பாக ஜெயிக்கவும் உரிமை உண்டு, மோசமாகத் தோற்கவும் உரிமை உண்டு. ஆண்கள் படகுகள் இதே போட்டியில் மூழ்கியே போயிருக்கின்றன. அதே உரிமை பெண்களுக்கும் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அற்புதம் காட்டினால்தான் ஆற்றில் இடம் என்றால், அது சமத்துவம் இல்லை, வருஷா வருஷம் எழுதும் நுழைவுத் தேர்வு.

என்ன சொல்கிறீர்கள்?