முதலில் விலைபோவது பாயின்ட் 22

2019 டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையில் என்ன நடந்தது என்று கேட்டால், குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியது என்றுதான் எவரும் சொல்வார்கள். அதே நாளில், அதே அவையில் நிறைவேறிய இன்னொரு மசோதாவை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. ஆயுதச் சட்டத் திருத்த மசோதா அது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 14 முதல் சட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. குடியுரிமைப் புயலில் இந்த மசோதா மீதான விவாதம் பத்திரிகைகளின் உள்பக்கங்களுக்குப் போனதில் வியப்பில்லை.

ஒருவர் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை, 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்றாக இருந்தது. அதை ஒன்றாகக் குறைக்க அரசு உத்தேசித்தது. பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களிலிருந்து எதிர்ப்புக் கிளம்பவே, இறுதியில் இரண்டு என்று முடிவாயிற்று. மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். கெடு முடிந்து 90 நாள்களில் அதற்கான உரிமம் ரத்தாகும். அந்த ஓராண்டின் பெரும்பகுதியைக் கரோனா பொதுமுடக்கம் விழுங்கிவிட்டது தனிக்கதை.

மூன்று துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் எதைக் கைவிடுவார்? வட மாநில நிலக்கிழார் ஒருவரின் இரும்புப் பெட்டியில் வழக்கமாக இருப்பவை: இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி, பாயின்ட் 32 ரிவால்வர், பாயின்ட் 22 ரைஃபிள். வயலுக்கும் வீட்டுக்கும் காவல் என்று முதலாவதை வைத்துக்கொள்வார். உயிர்ப் பாதுகாப்புக்கு என்று இரண்டாவதை வைத்துக்கொள்வார். ஊரில் அதற்குள்ள கௌரவமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. எஞ்சுவது மூன்றாவதுதான். ஆக, பழைய துப்பாக்கிச் சந்தைக்கு முதலில் வந்துசேர்வது பாயின்ட் 22.

இந்த ரைஃபிள் எத்தகையது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இதன் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் இருப்பதில்லை. விளிம்பைச் சுற்றி இருக்கிறது. ஆங்கிலத்தில் ரிம்ஃபயர் என்பது அதனால்தான். சத்தம் குறைவு, உதைப்பு அநேகமாக இல்லை. குறி பார்க்கக் கற்றுக்கொள்பவர்கள் காற்றுத் துப்பாக்கிக்கு அடுத்தபடியாகக் கையில் எடுப்பது இதைத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்றதும் பாயின்ட் 22-இல்தான். இது விளையாட்டுச் சாமான் அல்ல, ஆளைக் கொல்லக்கூடியதே. ஆயினும் கொலைகாரர்கள் தேடி வாங்கும் ஆயுதம் இதுவல்ல என்பது காவல்துறைக்கும் தெரியும்.

உரிமையாளர்கள் இதை விற்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த ரைஃபிளுக்கு வேலையில்லாமல் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. முயலும் கௌதாரியும் சுடுவதற்கென்று தாத்தா வாங்கியது அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் ஆண்டு அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது சரியான முடிவு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ரைஃபிள் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதனோடு சேர்ந்து உரிமம் புதுப்பித்தலும், காவல் நிலைய விசாரணையும், ஆட்சியர் அலுவலக அலைச்சலும் தங்கிவிட்டன.

போதாக்குறைக்குத் தேர்தல். மக்களவைக்கு ஒரு முறை, சட்டப்பேரவைக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்கு ஒரு முறை என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. யார் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்ட அளவிலான குழு தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. எல்லோரையும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்கச் சொல்லக்கூடாது என்று உயர் நீதிமன்றங்களும் கூறியிருக்கின்றன. நடைமுறையில் எல்லோருக்கும் ஒரே ஆணைதான் போகிறது. வாரக்கணக்கில் காவல் நிலைய அறையில் எண்ணெய் காணாமல் கிடந்து திரும்பிவரும் ரைஃபிளின் குழலைப் பார்ப்பவருக்கு, இதை விற்றுத் தொலைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

வாரிசுகளின் பாடு இன்னும் சங்கடம். உரிமம் பெற்றவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு அதை மாற்ற 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வழி செய்திருக்கின்றன. இறந்த பிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மரபுவழியாக வரும் துப்பாக்கிக்கும் இரண்டு என்ற வரம்பு பொருந்தும். பெங்களூரிலோ குருகிராமிலோ வாடகை வீட்டில் குடியிருக்கும் மகன், அப்பாவின் ரைஃபிளுக்காக ஊருக்கும் அலுவலகத்துக்கும் அலைவதைவிட விற்றுவிடுவதையே விரும்புகிறான்.

விற்பதுதான் சுலபமா? ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதற்கும் வரிசை வைத்திருக்கிறது. வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட நீதிபரிபாலன அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு 45 நாள்கள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். சந்தையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் துப்பாக்கியை விட அரிதான பொருள், உரிமத்தில் உள்ள காலி இடம். மூன்று இடங்கள் இரண்டாகச் சுருங்கியபோது விற்பவர்கள் பெருகினார்கள்; வாங்குபவர்களின் இடமும் அதே அளவுக்குச் சுருங்கியது. இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்றை பாயின்ட் 22-க்கு ஒதுக்க யாருக்கு மனம் வரும்? 1980-களின் நடுப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பு வாங்கிய வெளிநாட்டு ரைஃபிள் என்றால் ஓரளவு கிராக்கி உண்டு. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் தயாரானதை வைத்திருப்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் சங்கங்களின் உறுப்பினர்கள் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயின்ட் 22 ரைஃபிளுக்கு எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு கூறுகிறது. புகழ்பெற்ற வீரர்கள் 12 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2020 பிப்ரவரியில் விதிகளும் தளர்த்தப்பட்டன. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் புந்தேல்கண்டிலோ தராய் பகுதியிலோ உள்ள கிராமவாசிக்கு அங்கீகாரம் பெற்ற சங்கம் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது? மாநகரத்தில் இருப்பவர் சங்கச் சந்தா கட்டித் தப்பித்துக்கொள்கிறார். ஊர்ப்புறத்தில் இருப்பவர் விற்கிறார். குடகு மக்களுக்கு மரபு காரணமாக உரிமம் பெறுவதிலிருந்தே 2029 வரை விலக்கு நீட்டிக்கப்பட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம். மனம் வைத்தால் அரசால் வேறுபடுத்திப் பார்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

துப்பாக்கிகள் குறைவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். 2016 இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 33.69 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் 22,532 மட்டுமே. நமக்கு இது வாய்த்த பேறு. ஆனால் 2019 மசோதாவுக்கு அரசு கூறிய காரணம் என்ன? சட்டவிரோத ஆயுதங்களுக்கும் குற்றங்களுக்கும் இடையே வளர்ந்துவரும் தொடர்பு என்பதே. துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமில்லாத ஆயுதங்களால் நிகழ்கின்றன என்பதை அரசின் சொந்தக் குற்றப் பதிவேடுகளே காட்டுகின்றன. முங்கேர் பட்டறைகளில் உருவாகும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. கள்ளத் தயாரிப்புக்குத் தண்டனையைக் கூட்டியதும், கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதைக் குற்றமாக்கியதும் அச்சட்டத்தின் உருப்படியான பகுதிகள். மூன்றை இரண்டாக்கியது அந்த ரகத்தில் சேராது.

உரிமம் வழங்குவதிலேயே ஓட்டை இருக்கும்போது எண்ணிக்கையைக் குறைத்து என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் வழங்கப்பட்டதாகக் குற்றம்சாட்டி சிபிஐ விசாரணை நடத்தியது. அந்த மோசடியில் அரசு அதிகாரிகளும் சிக்கினார்கள். பாயின்ட் 22 வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்தை மறுபடி திருத்தக்கூட வேண்டியதில்லை. சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் மத்திய உள்துறையிடமே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பயிற்சிக் களத்தையாவது அங்கீகரித்தால், அங்கே பதிவு செய்துகொள்பவரின் ரைஃபிள் கணக்கில் வராது. அந்தக் களத்திலேயே அதைப் பாதுகாப்பாகவும் வைக்கலாம், ஊர்ப் பிள்ளைகளும் சுடப் பழகலாம். வேண்டாம் என்று ஒப்படைப்பவருக்கு நியாயமான விலையை அரசே கொடுக்கலாம். இவ்விரண்டில் எதையாவது செய்யும் உத்தேசம் உண்டா என்று கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பதற்கு, எந்தக் கட்சி உறுப்பினருக்கும் தடையில்லை.