ஜப்திக்கு அகப்படாத பணம்

1968-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதைச் சர்க்கார் பெருஞ் சலுகையாகப் பேசி வருகின்றனர். பட்டணத்து உத்தியோகஸ்தருக்கு அது சலுகைதான். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுகிறவருக்கு என்ன லாபம்? விவசாய வருமானத்தின்மீது மத்திய சர்க்கார் வரி விதிப்பதே இல்லை. விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி மலைக்கு ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் கூலிப் பெண்ணுக்கோ வரி கட்டுமளவு வருமானமே கிடையாது. வாங்காத வரியை மன்னிப்பதும் ஒரு தாராளமா?

ஆயினும் அந்நிதியில் வேறொரு ஷரத்து உண்டு. கணக்குக்காரர் பட்ட கடனுக்காகக் கோர்ட்டார் அப்பணத்தை ஜப்தி செய்ய இயலாது. பந்தல் போடக் கடன் வாங்கி, விலை விழுந்தால் வீட்டையும் இழக்க நேரும் குடியானவருக்கு இதுவன்றோ சலுகை! கடனை ஏய்ப்போருக்கும் இது புகலிடமாகும் என்பர் சிலர். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட முடியாதாகையால் அவ்வச்சம் பெரிதன்று. 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு நிற்கும். உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் தபாலாபீஸார் முதலில் எடுத்துச் சொல்லவேண்டியது இந்த ஷரத்தையே.

குறையும் உண்டு. தவணை 15 வருஷம். முதல் ஐந்து வருஷம் கடனாகவன்றிப் பணத்தைத் தொட வழியில்லை. மழையையும் விலையையும் நம்பியிருப்பவர் அதுவரை பொறுப்பாரா? சீட்டுக்காரரிடமே ஓடுவார். விளைவு பொய்த்ததெனத் தாசில்தார் சான்று அளித்தால் அவ்வருஷமே ஒரு பகுதியை எடுக்க விதி செய்யும்படி தேனித் தொகுதி அங்கத்தினர் பார்லிமெண்டில் கேட்கவேண்டும்.